மங்களம் ஏன் கையெழுத்துப் போட மறுத்தாள்?

மலாக்காவில், ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது. லயன் வீடுகளில் மிச்சமிருப்பது ஐந்தாறு குடும்பங்கள். அங்கே இருக்கிறாள் மங்களம். வயது அறுபத்தெட்டு, முப்பது வருஷம் பால் வெட்டியவள். இவளை வைத்து நீங்கள் ஒரு சிறுகதை எழுத உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முடிவு ஏற்கெனவே தயார். நிறுவனம் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவாள், நட்டஈட்டை வாங்கிக்கொண்டு ஜொகூர் பாருவில் இருக்கும் மகனிடம் போய்விடுவாள், போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்து அழுவாள்.

மூன்றாவது பக்கம். நிறுவனத்திலிருந்து வந்த இளைஞன் பேனாவை நீட்டுகிறான். மங்களம் வாங்கவில்லை. “தம்பி, வீட்டுக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க. கோயில் நிக்கிற எடம் யாரு பேருக்குப் போகுதுன்னு எழுதலையே?” என்கிறாள்.

கோயிலைப் பற்றி நீங்கள் யோசிக்கவே இல்லை. கதைக் குறிப்பிலும் கோயில் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியம் உங்கள் கையால்தான் எழுதப்பட்டது. அழுகிற கிழவியாக நீங்கள் நினைத்திருந்தவள் கணக்குக் கேட்கிறவளாக நிற்கிறாள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன எழுதவில்லை என்று பார்க்க அவள் உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். உங்கள் தலைக்குள் இருந்த ஒருத்தி, உங்களுக்குத் தெரியாததை எப்படிச் சொன்னாள்?

“என் பாத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை” என்று எழுத்தாளர்கள் மேடையில் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருவதுண்டு. வெற்றிலை பாக்கோடு சேர்த்துச் சொல்லவேண்டிய சம்பிரதாய வசனம் அது என்றுதான் தோன்றும். ஆனால் இதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்ஜோரி டெய்லர், குழந்தைகளுக்கு இருக்கும் கற்பனைத் தோழர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வளர்ந்தபின் அந்தத் தோழர்கள் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி அவரைப் புனைகதை எழுதுகிறவர்களிடம் கொண்டுபோய் விட்டது. 50 எழுத்தாளர்களைப் பேட்டி கண்டு, 2003-இல் முடிவை வெளியிட்டார். பாத்திரம் தானாகப் பேசுவது, தானாக முடிவெடுப்பது, எழுதுகிறவரின் திட்டத்தை எதிர்ப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றையேனும் அனுபவித்ததாகச் சொன்னவர்கள் 92 விழுக்காட்டினர். இதைத் தமிழில் ‘சுயேச்சை மாயை’ எனலாம். நாமே உருவாக்கியது நம்மைச் சாராமல் இயங்குவதுபோல் தோன்றும் உணர்வு அது.

இன்னொரு செய்திதான் என் சிரிப்பை நிறுத்தியது. புத்தகம் வெளியிட்ட அனுபவசாலிகளே இதைப் புதியவர்களைவிட அதிகமாகவும் விரிவாகவும் விவரித்தார்கள். மாயை என்றால் பழகப் பழக விலகவேண்டும் அல்லவா? இது பழகப் பழக வலுக்கிறது.

இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகக் குழு ஒன்று எடின்பரோ புத்தக விழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களிடம் இதே கேள்விகளை வேறு விதமாகக் கேட்டது. 2020-இல் வெளியான முடிவுகளின்படி, பாத்திரங்களின் குரல் தங்களுக்குக் கேட்பதாகச் சொன்னவர்கள் 63 விழுக்காடு. பாத்திரங்கள் தாமாகவே செயல்படும் என்றவர்கள் 61 விழுக்காடு. பாத்திரத்தோடு உட்கார்ந்து பேசவே முடியும் என்றவர்களும் 15 விழுக்காடு இருந்தார்கள். நம் பள்ளிக்கூட நூலகங்களில் பக்கம் கிழியும்வரை படிக்கப்பட்ட எனிட் பிளைட்டன், 1953-இல் பீட்டர் மெக்கெல்லர் என்ற உளவியலாளருக்குக் கடிதங்கள் எழுதினார். கண்ணை மூடினால் மனத்திரையில் பாத்திரங்கள் வந்து நிற்பார்கள், பேசுவார்கள், தட்டச்சு செய்வது மட்டுமே தன் வேலை என்று அவற்றில் விவரித்தார். சில நேரம் ஒரு பாத்திரம் சொல்லும் நகைச்சுவையைக் கேட்டுத் தானே சிரித்துவிடுவதாகவும், நூறு வருஷம் யோசித்தாலும் அது தனக்குத் தோன்றியிருக்காது என்றும் வியந்தார்.

சிரித்தவரும் அவரே, சிரிக்க வைத்தவரும் அவரே. இது எப்படிச் சாத்தியம்?

மனதுக்குள் நாம் பேசிக்கொள்வதிலிருந்து தொடங்கலாம். இதை ‘அகப்பேச்சு’ என்கிறார்கள். தனியாக விளையாடும் மூன்று வயதுக் குழந்தை, “இப்ப இதை இங்க வைக்கணும்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேச்சுதான் நாளடைவில் உள்ளே போய் அகப்பேச்சாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி விளக்கினார். அவருடைய நூல் 1934-இல் வந்தது. குழந்தை முதலில் பேசிப் பழகியது அம்மாவிடமும் பாட்டியிடமும். ஆகவே உள்ளே போனதும் தனிக்குரலாகப் போகவில்லை, உரையாடலாகப் போனது. கேட்கிறவர் ஒருவர், பதில் சொல்கிறவர் ஒருவர். நம் எல்லோருக்குள்ளும் ஆள் நடமாட்டம் உண்டு.

டர்ஹம் குழுவைச் சேர்ந்த பென் ஆல்டர்சன்-டே, 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இதை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துப் பார்த்தார். ஒருவர் மனதுக்குள் தனியே பேசும்போது ஒரு விதமாகவும், இரண்டு பேர் பேசிக்கொள்வதாகக் கற்பனை செய்யும்போது வேறு விதமாகவும் மூளை இயங்கியது. உரையாடல் என்று வந்ததும் மூளையின் இரு பாதிகளும் வேலையில் இறங்கின. வலக் காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் இருக்கும் ஓர் இடமும் விழித்துக்கொண்டது. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கணிக்கும்போது சுறுசுறுப்பாகும் இடம் என்று ரெபெக்கா சாக்ஸ் என்ற ஆய்வாளர் 2003-இலேயே அடையாளம் காட்டியிருந்த பகுதி அதை ஒட்டியே இருக்கிறது. இந்தத் திறனைப் ‘பிறர்மன ஊகம்’ எனலாம். கிராணி இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்று பிரட்டுக் களத்தில் நின்றபடியே கணித்த நம் தாத்தாக்களுக்கு அந்த இடம் ஓயாமல் வேலை செய்திருக்கும். மங்களம் பேசும்போது உங்கள் மூளையில் வேலை செய்வதும் அதுவாகவே இருக்கலாம். எதிரே நிஜமான ஆள் இல்லை என்பதை அது பொருட்படுத்துவதில்லை.

சரி, பேசுவது என் மூளைதான் என்றால் அது ஏன் என்னுடையதாகத் தோன்றவில்லை?

விடை ரப்பர் நிரையில் இருக்கிறது. பால் வெட்டும் கையைக் கவனியுங்கள். நெற்றியில் விளக்கு, விடியாத இருட்டு. மரத்துக்குள் நீர் அழுத்தம் கூடுதலாக இருக்கும் அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். உளி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவுகிறது. பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உட்புறத்தில். அதற்கும் உள்ளே இருப்பது வளர்படை, அதாவது மரம் பருக்கக் காரணமான மெல்லிய அடுக்கு. உளி அதைத் தொட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். தொடப் பயந்து மேலோடு நிறுத்தினால் மங்கில் பால் சேராது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கவேண்டும். அதுவும் ஒரு மரத்தில் இல்லை, ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் அளவில். எவ்வளவு ஆழம் வெட்டுகிறீர்கள் என்று கேட்டால் முப்பது வருஷம் வெட்டியவரால் அதை எண்ணில் சொல்ல முடியாது. கைக்குத் தெரியும், அவ்வளவுதான். தொடக்கத்தில் ஒவ்வொரு வெட்டையும் யோசித்துச் செய்தவர்தான் அவரும். பழகப் பழக யோசனை விலகிக்கொண்டது, திறமை மட்டும் தங்கிவிட்டது.

பாத்திரங்களுக்கும் இதுவே நடக்கிறது என்பது டெய்லரின் விளக்கம். ஆளைக் கற்பனை செய்வதும் ஒரு கைத்தொழில். புதியவர் ஒவ்வொரு வசனத்தையும் யோசித்துக் கோக்கிறார். பல வருஷம் எழுதியவருக்கு அந்தக் கோப்பு வேலை பிரக்ஞைக்குக் கீழே போய்விடுகிறது. மேலே வந்து சேர்வது முடிந்த வாக்கியம் மட்டும். ஹார்வர்டு உளவியலாளர் டேனியல் வெக்னர் காட்டியபடி, ‘நான்தான் செய்தேன்’ என்ற உணர்வு நமக்குத் தானாகக் கிடைப்பதில்லை. செயலுக்குச் சற்று முன்னால் அதைச் செய்யும் எண்ணம் மனதில் தென்படவேண்டும். எண்ணம் தென்படாமல் செயல் மட்டும் வந்து நின்றால், அதை வேறு யாரோ செய்ததாகவே மனம் கணக்கு எழுதுகிறது. அனுபவசாலிகளுக்கு மாயை ஏன் வலுக்கிறது என்பதும் இப்போது புரிகிறது.

கோயில் எங்கிருந்து வந்தது? உங்களிடமிருந்துதான். சின்ன வயதில் உறவினர் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனது, தோட்டம் கைமாறியபின் கோயில் நிலத்துக்கு வழக்காடியது பற்றிப் பத்திரிகையில் மேலோட்டமாகப் படித்தது, பாட்டி யாரையோ திட்டும்போது காதில் விழுந்தது எல்லாம் உள்ளே கிடந்தன. கற்பனைக்கும் நினைவுக்கும் மூளை ஒரே பட்டறையைப் பயன்படுத்துகிறது. லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ் குழுவினர் 2007-இல் இதை நிரூபித்தார்கள். மூளையின் நினைவு மையமான ஹிப்போகாம்பஸ் சேதமடைந்த ஐந்து பேரிடம், நீங்கள் ஒரு கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்றார்கள். பழையதை மறந்தவர்களுக்குப் புதியதைக் கற்பனை செய்வதும் கடினமாக இருந்தது. பெரும்பாலோர் சொன்னவை துண்டு துண்டாகச் சிதறிய காட்சிகள். ஆகவே மங்களம் வெறுங்கையோடு வரவில்லை. நீங்கள் சேர்த்துவைத்து மறந்துபோனதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இன்னும் விந்தையான ஒன்று உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பிரவுன் என்பவர் பயிற்சி பெற்ற 15 நடிகர்களைக் கருவிக்குள் படுக்கவைத்தார். அவர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. ஒருமுறை தாங்களாகவும், இன்னொருமுறை ரோமியோவாகவோ ஜூலியட்டாகவோ மாறியும் பதில் சொல்லவேண்டும். பாத்திரமாக மாறியபோது நெற்றிக்குப் பின்னால், ‘நான்’ என்பதோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. நடிப்பு என்றால் கூடுதலாக ஏதோ சேர்வது என்றுதானே நினைப்போம்? இங்கே ஒன்று குறைந்தது. தாங்களாகவே இருந்து, உச்சரிப்பை மட்டும் பிரிட்டிஷ் பாணிக்கு மாற்றிப் பேசியபோதுகூட ஓரளவு அந்தத் தணிவு தெரிந்தது.

நான் சற்று ஒதுங்கினால் என்ன லாபம்? பாத்திரம் எழுத்தாளருக்குப் பாடம் சொல்லும் வழி இங்கேதான் திறக்கிறது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் இகோர் கிராஸ்மனும் மிச்சிகனின் ஈதன் கிராஸும் 2014-இல் ஒரு சோதனை செய்தார்கள். உன் துணை உன்னை ஏமாற்றிவிட்டதாகக் கற்பனை செய் என்று சிலரிடம் சொன்னார்கள். மற்றவர்களிடம், இதே நிலை உன் நண்பருக்கு வந்ததாகக் கற்பனை செய் என்றார்கள். பிறகு இரு தரப்பும் யோசிக்கும் விதத்தை அளந்தார்கள். தனக்குத் தெரியாதது இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது, எதிர்த்தரப்பைப் பார்ப்பது, சமரச வழி தேடுவது எல்லாவற்றிலும் நண்பருக்காக யோசித்தவர்களே விவேகிகள். ஊருக்கு நியாயம் சொல்லித் தன் வீட்டில் தடுமாறிய சாலமன் ராஜாவின் பெயரால் இதைச் ‘சாலமன் முரண்’ என்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் இதில் இளைஞர்களைவிடத் தேறவில்லை. நரைத்த தலைக்கு மரியாதை கொடுத்தே வளர்ந்த நமக்கு இது சற்று உறுத்தும். ஆனால் தன் பிரச்சினையையே ‘அவள் ஏன் இப்படிச் செய்தாள்’ என்று மூன்றாம் மனிதரைப்போல் யோசிக்கச் சொன்னபோது தனக்கா நண்பருக்கா என்ற வித்தியாசம் மறைந்துவிட்டது. ‘நான்’ என்பதை ‘அவள்’ என்று மாற்றியதில் அடங்கியிருந்தது அத்தனையும். கதை எழுதுகிறவர் நாள்தோறும் செய்யும் காரியம் அது.

இந்த உத்தி மலாக்காவுக்குப் புதிதல்ல. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்படும் முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர், தமிழ் வழி வந்தவர், சிறுவயதில் அங்கேயே தமிழ் படித்தவர். 1835-இல் அவர் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். மூன்று மக்கு இளவரசர்களுக்கு நேரடியாக நீதி சொல்லிப் பயனில்லை என்று கண்ட விஷ்ணு சர்மா, நரிகளையும் காளையையும் சிங்கத்தையும் பேசவைக்கிறார். உன் நண்பன் உன்னைக் கெடுப்பான் என்று இளவரசனிடம் சொன்னால் கோபப்படுவான். நரி காளையைக் கெடுப்பதைப் பார்த்தால் நியாயம் பேசத் தொடங்கிவிடுவான். சாலமன் முரணுக்குப் பெயர் வைக்கும் முன்பே அதற்கு மருந்து புழக்கத்தில் இருந்திருக்கிறது.

உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் 46 கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களை மிகவும் பாதித்த நிகழ்வையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்துவந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகப் போனார்கள். பிறகு இத்தகைய எழுத்துகளைக் கணினியில் அலசியபோது ஒரு நுணுக்கம் பிடிபட்டது. ஒரு நாள் ‘நான்’ என்றும் மறுநாள் ‘அவர்’, ‘நாம்’ என்றும் பிரதிப்பெயர்களை மாற்றி மாற்றி எழுதியவர்களே அதிகப் பலன் பெற்றிருந்தார்கள். நாலு நாளும் ‘நான், நான்’ என்று எழுதினால் அதே பலன் இல்லை.

இத்தனை சொன்னபிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாத்திரம் கொண்டுவருவது நீங்கள் உள்ளே போட்டதைத்தான். தோட்டத்துப் பெண் என்றாலே அழுகை, தோட்டத்து ஆண் என்றாலே கள் என்று மட்டும் தெரிந்தவருக்கு மங்களம் கடைசிவரை அழுதுகொண்டுதான் இருப்பாள். எழுதியவரின் தப்பெண்ணம் அவள் வாயால் வெளிவந்து, பாத்திரமே சொல்லிவிட்டது என்ற பெருமையையும் சேர்த்துக்கொள்ளும். தமிழக நாவலாசிரியர் அகிலன் மலேசியாவுக்கு வந்து பார்த்த பிறகே, தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எழுதினார். 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் கதை வகுப்பு நடத்தினார்கள். இந்த நாட்டில் கதை எழுதும் ஒரு தலைமுறைக்கு அது பள்ளிக்கூடம் ஆனது. மயங்கி எழுதினால் போதும் என்றால் வகுப்பு எதற்கு?

பாத்திரத்திடம் பாடம் கேட்பதை ஒரு முழுச் சோதனையாகவே நடத்தியவர் ஜெயகாந்தன். 1966-இல் ‘ஆனந்த விகட’னில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிச் சீரழிந்து வரும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை பெரும் சர்ச்சையானது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல், கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? இப்படி ஒரே ஒரு திருப்பத்தை மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் எப்படிப் போகும் என்று மனதில் ஓட்டிப் பார்ப்பதற்கு ‘மாற்றுநிகழ்வுச் சிந்தனை’ என்று பெயர். ஜெயகாந்தன் அதைப் பன்னிரண்டு வருஷம் தள்ளி ஓட்டினார். வீட்டைவிட்டு விரட்டப்பட்டவள் படித்து, வேலைக்குப் போய், கங்காவாக எழுந்து நின்றாள். யாருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை. ‘தினமணி கதி’ரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலாகி, 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அப்போதும் கங்கா அவரை விடவில்லை. ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவலும் எழுத வைத்தாள்.

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலுக்குள் ஒரு வித்தை இருக்கிறது. அதில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரும் ஒரு பாத்திரம். கங்காவுக்கு நடந்ததைப் போன்ற ஒரு கதையை அவர் எழுதுகிறார், கங்கா அதைப் படிக்கிறாள். அந்தக் கதையில் வரும் அம்மா மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறாள். மனிதர்களின் பிறர்மன ஊகம் எத்தனை அடுக்கு தாங்கும் என்று உளவியலாளர் ராபின் டன்பரும் அவருடைய சகாக்களும் அளந்திருக்கிறார்கள். அவள் நினைப்பதாக இவன் நம்புகிறான் என்பது அவருக்குத் தெரியும், இப்படியே அடுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலோருக்கு ஐந்தாவது அடுக்கோடு பிடி நழுவுகிறது. எழுத்தாளர் ஆறாவதுக்குப் போயாகவேண்டும் என்பது டன்பரின் கணக்கு. எண்ணிப் பாருங்கள். ஊர் என்ன நினைக்கும் (ஒன்று) என்பதை ஓர் அம்மா பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம் (இரண்டு) என்று ஆர்.கே.வி. கற்பனை செய்ததை (மூன்று) கங்கா உணர்கிறாள் (நான்கு) என்பதை வாசகர் புரிந்துகொள்ளவேண்டும் (ஐந்து) என்று ஜெயகாந்தன் விரும்புகிறார் (ஆறு). வாரப் பத்திரிகையில், விளம்பரங்களுக்கும் துணுக்குகளுக்கும் நடுவே இதைப் படித்தவர்கள் அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள்.